கலாயோகி ஆனந்த குமாரசுவாமி கற்ற முறை

கலைச் சரித்திரத்தைச் சர்வகலாசாலையிற் பயின்று, பட்டம் பெற்ற பின்னரும் அதிலேயே மேலாராய்ச்சி செய்ய விரும்பும் மாணாக்கர் சிலர் நமது சைவப் பாடசாலைகளினின்றும் இக்காலத்தில் வெளிப்படுகின்றனர். அவர்தம் பெற்றோர் ஆசிரியரிடத்து வந்து, சிலையையுஞ் சித்திரத்தையும் பார்த்துக்கொண்டிருத்தலும் ஒரு படிப்பாகுமோ, அதற்குக் கலாநிதிப் பட்டமும் உண்டோ, வைத்தியமோ பொறிநூலோ கற்கவல்ல பிள்ளையை அவ்வழியில் விடுத்தல் தகுமோ என்று வினாவுகின்றனர். ஆசிரியருட் சிலர் அவ்வினாவை நம்பாற் போக்கினர். நாம் அதற்கு நியாயங்களை அடுக்கி விடை சொல்லப் புகாது, ஒருவருடைய சரித்திரத்தைச் சொல்லத் துணிந்தோம். அவர் கலைச் சரித்திரத்திற் பட்டம் பெற்றவரல்லர். அவர் பெற்ற கலாநிதிப் பட்டம் இலங்கைப் பாறைகளை ஆராய்ந்தமைக்காக அளிக்கப்பட்டது. அற்றாயினும், இந்திய இலங்கைக் கலைகளை எந்நாட்டுச் சர்வகலாசாலையில் மேற்படிப்பாகக் கற்பாரும் இன்றுகாறும் அவர் நூல்களை ஒதுக்கிச் செல்லுதல் இயலாததாயிற்று. அவர் ஆனந்த குமாரசுவாமி அவர்கள்.

இவர் 1877ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22ஆந் திகதி கொழும்பிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. யாழ்ப்பாணத் தமிழ்க் குலத்தவர். சட்டநிரூபண சபையில் அங்கத்தவராய் வீற்றிருந்தவர். கிறிஸ்தவரும் யூதருமல்லாதாருள் முதன்முதல் இங்கிலாந்தில் நியாயவாதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர். அரிச்சந்திர நாடகத்தை 1863இல் ஆங்கிலஞ் செய்தவரும், பாளி மொழியிலுள்ள சுத்தநிபாதத்தின் ஒரு பகுதியை 1874இல் ஆங்கிலத்திற் பெயர்த்தவரும் இவரே. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் இவருக்குத் தமக்கையின் புதல்வர்கள். ஆதலின் ஆனந்தருக்கு அவ்விருவரும் மைத்துனராவர். தாயார் எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கில மாது. அவர் பிறந்த கென்ற் நாட்டின் நினைவாகவே கென்ரிஷ் என்னும் பெயரும் பிள்ளைக்குச் சேர்த்து வழங்கப்பட்டது.

பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்புமுன் தாயார் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். பின்னே செல்லவிருந்த தந்தையார் 1879ஆம் ஆண்டு மே மாதத்திற் கொழும்பிலே தேகவியோகமாயினார். இம்மரணத்தினால் நேர்ந்த நட்டம் ஒன்றை ஈண்டே சொல்லிவைத்தல் வேண்டும். வீட்டிலே தமிழ் கேட்டும் பேசியும் வளரவேண்டிய பிள்ளை அதனைக் கேளாது வளர்ந்தது. பிற்காலத்திற் சங்கதமும் பாளியும் கிரேக்கமும் இலத்தீனும் கற்று, மூலநூல்களைத் தாமே படித்து ஆராய்ந்த இவர், தம் முன்னோர் மொழியாகிய தமிழைமட்டும் அவ்வளவிற்குத் தமதாக்கிக்கொள்ளும் வாய்ப்பைப் பெற்றிலர். தமிழ் நூல்களைப் பிறர் மொழிபெயர்ப்பின் வாயிலாகவே பெரும்பாலும் அணுகினார். இதன் பயனை மேலே காண்போம்.

குளொஸ்ரர்ஷயரிலுள்ள வைக்கிளிவ் கல்லூரியில் இவர் பயின்றார். அக்கல்லூரிக்கு அணித்தாக டோவரோ என்னும் ஒரு குன்று உண்டு. மாணாக்கப் பருவத்திலேயே அக்குன்றின் படைகளை நோக்கிக் கட்டுரை வரைந்தார். பின் இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியிற் சேர்ந்து, பூகர்ப்ப சாஸ்திரத்திலுந் தாவர சாஸ்திரத்திலும் 1900ஆம் ஆண்டில் முதல் வகுப்பிற் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே இலங்கைப் பாறைகளையுங் காரீயத்தையும் பற்றிய இவருடைய ஆராய்ச்சி இலண்டன் பூகர்ப்ப சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. நமது நாட்டுப் பளிங்குச் சுண்ணக் கற்களைப் பற்றியும், காலியைச் சூழ்ந்த பாறைத் தொகுதியைப் பற்றியும் 1902இல் எழுதினார். பட்டத்தின்மேற் கல்வி இவருக்கு இவ்வகையாய் அமைந்தது. 

அக்கல்வியின் இயல்பை நாம் சற்று நின்று நோக்குதல் நலம். பாறை ஆராய்வோன் முதற்கண் பாறை கிடக்கும் இடத்திற்குத் தானே நடந்து செல்லுதல் வேண்டும். எடுத்த துண்டொன்றுக்கு எண்ணிட்டு, எடுத்த இடத்தை அன்றே எழுதிவைத்தல் வேண்டும். இடமறியப்படாத துண்டு எத்துணை அழகிதாயினும் ஆராய்ச்சிக்குப் பயன்படாது. அதனை ஒளி ஊடுருவுமளவு மெல்லியதாக அரைத்து நுண்ணோக்கியில் வைத்துக் காணல் வேண்டும். அயலிடத்துப் பாறையோடு ஒப்பிடல் வேண்டும். கண்டதையும் கருதியதையும் வேறுவேறாக எழுதிப் பிறர் சோதிக்குமாறு வெளியிடல் வேண்டும். இப்பயிற்சியிலே பாறை என்னுஞ் சொல்லை நீக்கிப் படிமம் என்னுஞ் சொல்லைப் பெய்து பாருங்கள். இன்று கலைச் சரித்திர மாணாக்கன் ஒருவனுக்குச் சர்வகலாசாலையில் விதிக்கப்படும் ஒழுங்கு அதுவேயாம். அக்காலத்தில் இங்கிலாந்திலே கலைச் சரித்திரத்தைப் பட்டப் பாடமாகக் கற்பிக்கும் கழகம் இருந்ததில்லை. அதற்கென்று கோர்டோல்ட் கலைக்கழகம் இலண்டனில் நிறுவப்பட்டது 1932ஆம் ஆண்டிலேயாம். ஜெர்மனி, ஒஸ்திரியா நாட்டுச் சர்வகலாசாலைகளில் அப்பாடம் முன்னரே இருந்ததாயினும், இந்தியக் கலை அங்கும் ஓர் ஓரத்திலேயே இருந்தது. எனவே ஆனந்தர் அதனைக் கற்க விரும்பியிருப்பினும் கற்பிப்பார் இல்லை.

1903ஆம் ஆண்டில் இவர் இலங்கைக் கனிப்பொருள் ஆராய்ச்சிப் பகுதியின் தலைவராய் நியமனம் பெற்று வந்தார். அப்பொழுது வயது இருபத்தைந்து. அவ்வாண்டில், பிரித்தானிய அறிஞர் ஒருவருடன் சேர்ந்து, இந்நாட்டிலே கண்டெடுக்கப்பட்ட ஒரு புதுக் கனிப்பொருளை உலகிற்கு அறிவித்தார். இலங்கையின் பழைய அராபியப் பெயராகிய செரண்டிப் என்பதனின்று அதற்குச் செரண்டிபைட்டு என்று பெயரிடப்பட்டது. 1904இற் பலாங்கொடைப் பக்கத்து ஆற்றுப் பருக்கைகளினின்று எடுக்கப்பட்ட கரிய பாரமான மணி தோரியனைட்டு என்னும் புதுப் பொருளென்று நிலைநாட்டப்பட்டதற்கும் இவருடைய பகுதியின் ஆராய்ச்சியே வாயிலாயிற்று. இவ்வாராய்ச்சிகளை மதித்து இலண்டன் சர்வகலாசாலை 1906இல் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் அளித்தது.

உத்தியோகமும் பட்டமும் இவ்வாறு கைகூடிய அக்காலத்திலேயே இவர் மனம் வேறிடத்துச் சென்றது. கனிப்பொருள் தேடிக் கண்டி நாட்டுக் கிராமங்கள்தோறுஞ் சென்றபோது, அங்கே கண்டவை பாறை மட்டுமல்ல. நெசவு செய்வார், பாய் பின்னுவார், அரக்குக் கடைவார், பித்தளை வார்ப்பார், விகாரைச் சுவரிற் சித்திரந் தீட்டுவார் ஆகியோரைக் கண்டார். கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமானபின், அரசன் மானியமும் பிரபுக்கள் ஆதரவும் இழந்து அக்கைத்தொழில்கள் அருகிக்கொண்டிருந்தன. தந்தையிடங் கற்ற தொழிலை மகனுக்குச் சொல்லிக்கொடுக்க விருப்பமில்லாத கம்மாளரும் இருந்தனர். சொல்லிக்கொடுத்தாற் கூலிக்கு வேலை இல்லை. 1905இல் இவர் இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கியதும், கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு வெளிப்படையான கடிதம் எழுதியதும், இந்நாட்டிற்கு ஒரு சர்வகலாசாலை வேண்டுமென்ற இயக்கத்தில் மைத்துனர் அருணாசலம் அவர்களோடு நின்றதும் இக்காட்சியின் பயனே. 1906இற் கனிப்பொருட் பகுதியை விட்டு நீங்கினார்.

இவர் செய்த முதற் கலையாராய்ச்சி நூல் மத்தியகாலச் சிங்களக் கலை என்பது, 1908இல் வெளிவந்தது. ஆசிரியர்கள் இந்நூலைக் காணும் வாய்ப்பு நேரின் அதன் உள்ளடக்கத்தை ஒருமுறை ஊன்றி நோக்குதல் வேண்டும். இன்ன சித்திரம் அழகியது, இன்னது அழகிலது என்று தீர்ப்புக் கூறுதல் அந்நூலில் முதன்மையன்று. கம்மாளருடைய குலவமைப்பும், அவருக்கு இறையிலியாய் விடப்பட்ட நிலமும், அந்நிலத்துக்கு ஈடாக அவர் செய்யும் ஊழியமும் முதலிற் கூறப்படுகின்றன. அதன்பின் மரவேலை, கல்வேலை, யானைத்தந்த வேலை, உலோக வேலை, அரக்கு, மட்பாண்டம், நெசவு, தையல், பாய் என ஒவ்வொரு தொழிலுங் கருவியும் செய்முறையும் பெயருமாக விரிக்கப்படுகின்றன. கொடியுங் கொழுந்துமாகிய அலங்கார வடிவங்கள் ஒவ்வொன்றையுங் கம்மாளர் எப்பெயரால் அழைக்கின்றனரோ அப்பெயராலேயே குறித்தார். தையல் வேலைகளை ஆராய்ந்தவரும், நூலுக்கு வேண்டிய புகைப்படங்கள் பலவற்றை எடுத்தவரும் இவர் முதல் மனைவியாராகிய எதல் அம்மையார். அவர் பின்னாளில் இங்கிலாந்திலே கைந்நெசவுக்குப் பெரும் பெயர் பெற்றார்.

அந்நூலில் ஒரு பகுதியை நம்மவர் சிறப்பாகக் கவனித்தல் தகும். விகாரையிற் புத்தருடைய திருவுருவம் முழுதும் முடிந்தபின் கண் மட்டும் எழுதப்படாது விடப்படுகின்றது. நல்ல முகூர்த்தத்திற் கம்மாளன் உள்ளே சென்று, உருவத்தை நேரே நோக்காது கண்ணாடியில் நிழலைப் பார்த்துக் கண் திறக்கின்றான். இது நேத்திர மங்கலம் எனப்படும். நமது ஆலயப் பிரதிட்டையில் நயனோன்மீலனம் கண்டவர்க்கு இது புதிதன்று. ஆனால் அந்நாள் ஐரோப்பியக் கலையறிஞர் எழுதிய நூல்களில் இச்சடங்குக்கு இடமில்லை. சிலை எக்காலத்தது, எப்பாணியது என்பனவே அவர்க்கு வேண்டியவை. சிலையைக் கல்லினின்று கடவுளுருவாக்குஞ் செயல் சிலையின் சரித்திரத்தில் ஒரு கூறு என்று கண்டு, அதனைச் செய்முறையோடு பதிந்தது பாறையை இடத்தோடு பதியக் கற்ற கை என்றே நாம் கருதுகின்றோம்.

அந்நூல் அச்சானதும் ஒரு கதை. இங்கிலாந்திற் புரோட் காம்டன் என்னுங் கிராமத்தில் ஒரு பழைய தேவாலயத்தை வீடாக்கி வாழ்ந்த ஆனந்தர், வில்லியம் மொரிஸ் என்னும் பெரியார் பயன்படுத்திய கையச்சியந்திரத்திலேயே அதனை அச்சிடுவித்தார். பதினைந்து திங்கள் சென்றன. 425 பிரதிகளே எடுக்கப்பட்டன. கைத்தொழிலைப் பற்றிய நூல் கைத்தொழிலாலேயே ஆகவேண்டுமென்பது கொள்கை. கொள்கை உயர்ந்ததே, ஆயினும் 425 பிரதியுள் எத்தனை நமது நாட்டுப் பாடசாலைகளை எட்டியிருக்கும் என்று எண்ணுமிடத்து மனம் ஒருவாறு வருந்துகின்றது.

பின்னர் இவர் நோக்கம் பாரதநாடு முழுவதுஞ் சென்றது. அந்நாளில் இந்தியச் சிற்பத்தை ஒரு நுண்கலையாகவே ஒப்புக்கொள்ளாத ஆங்கிலேயர் பலர் இருந்தனர். 1910ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில், இந்தியப் பொருள்களில் வல்லுநரென்று பெயர்பெற்ற சேர் ஜோர்ஜ் பேர்ட்வுட், யாவக நாட்டுப் புத்தர் திருவுருவம் ஒன்றை அவித்த மாப்பண்டத்துக்கு ஒப்பிட்டு இகழ்ந்தார். அவ்விகழ்ச்சியை மறுத்து எழுந்தவர்கள் அவ்வாண்டிலேயே இந்தியா சங்கம் என ஒன்றை நிறுவினர். ஹாவெல் என்னும் அறிஞரோடு ஆனந்தரும் அதில் முன்னின்றார். வெகுண்டு எழுதுதல் எளிது. இவரோ அலகபாத்தில் 1910-11இல் நடந்த பெரிய கண்காட்சியின் கலைப் பகுதியை ஏற்று, வட இந்தியா எங்குஞ் சென்று சித்திரங்களைத் திரட்டினார்.

அத்திரட்டின் பயனாக 1916இல் இராசபுத்திரச் சித்திரங்களைப் பற்றி இரண்டு பெருந் தொகுதிகள் ஒக்ஸ்போர்டுச் சர்வகலாசாலை அச்சகத்தின் வாயிலாய் வெளிவந்தன. அதுவரை வடநாட்டுச் சிறு சித்திரங்கள் யாவும் மொகலாயச் சித்திரம் என்னும் ஒரே பெயரால் வழங்கின. கண்ணன் லீலையும் இராகமாலையும் வரைந்த இராசஸ்தானத்தையும் இமயமலைச் சாரலையுஞ் சேர்ந்த ஓவியர்களை முகம்மதிய அரசவை ஓவியரினின்று பிரித்து, அவர்க்குத் தனிச் சரித்திரம் உண்டென்று காட்டியவர் இவர். இன்று முதலாண்டு மாணாக்கனும் அறிந்த பிரிவினை இது. அன்று அது ஒரு கண்டுபிடிப்பு.

நமது சமயத்தார் இவரை நன்றியோடு நினைத்தற்குக் காரணமான கட்டுரை இதற்கு முன்னரே பிறந்தது. சிவபெருமானுடைய திருநடனத்தைப் பற்றி இவர் எழுதியது 1912ஆம் ஆண்டு சென்னையில் சித்தாந்த தீபிகை என்னும் சைவப் பத்திரிகையில் முதன்முதல் வெளியாயிற்று. 1918இல் நியூயோர்க்கில் ஒரு நூலாகத் தொகுக்கப்பட்ட கட்டுரைகளுக்கும் அதுவே பெயர் தந்தது. மேனாட்டார் நடராச வடிவத்தை நோக்குங் கண்ணையே மாற்றிய கட்டுரை ஒன்று, சைவப் பத்திரிகையின் சில பக்கங்களில் அடக்கமாகத் தோன்றியதென்பது இத்தகைய பத்திரிகைகளை நடத்துவார்க்கும் படிப்பார்க்கும் ஓர் ஆறுதல்.

அக்கட்டுரையின் முறை எளியது. துடியேந்திய கை, அமைத்த கை, அனலேந்திய கை, ஊன்றிய திருவடி, தூக்கிய திருவடி ஆகியவை முறையே படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலைக் குறிப்பனவென்பது உண்மை விளக்கம் ஓதிய நம் பாடசாலைச் சிறுவனும் அறிந்ததே. ஆனந்தர் செய்தது, வெண்கலத் திருவுருவத்தை ஒரு புறமும் உண்மை விளக்கம், திருமந்திரம் முதலிய நூல்களை மறுபுறமும் வைத்து, உருவத்தை நூலால் வாசித்தமையாம். இதற்குமுன் சிலையை ஆராய்ந்தோர் சாத்திரம் அறியார். சாத்திரம் அறிந்தோர் சிலையை ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளார். இவ்விரண்டையும் ஒரே மேசையில் வைத்ததே இக்கட்டுரையின் பெருமை. ஆயினும், நாம் முன்னே சொன்ன நட்டமும் இங்கேதான் புலனாகின்றது. நல்லசாமிப்பிள்ளை முதலானோர் ஆங்கிலத்திற் பெயர்த்துத் தந்த அளவே இவருக்குத் தமிழ் திறந்தது. மொழிபெயர்க்கப்படாத பதிகங்களும், தலபுராணங்களும், கோயிற் கல்வெட்டுக்களும் வெளியே நின்றன. சோழர்காலத்து வெண்கலங்கள் எக்கோயிலுக்கு, எவரால், எத்தனை நிறையிற் செய்து கொடுக்கப்பட்டன என்பதைத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுக்களே தமிழிற் சொல்லுகின்றன. அவற்றையும் அவர் தாமே வாசிக்க வல்லராயிருந்தால் அக்கட்டுரை எத்தகையதாயிருக்கும் என்று நாம் எண்ணுவதுண்டு.

இலங்கைச் சைவத்தோடு இவருக்குள்ள தொடர்பு இன்னொன்றுண்டு. 1907, 1908ஆம் ஆண்டுகளிற் பொலநறுவையிற் சிவாலயம் இருந்த இடத்தைப் புதைபொருட் பகுதியார் அகழ்ந்தபோது, நடராசர், உமாதேவியார், சுந்தரமூர்த்தி சுவாமிகள் முதலிய திருவுருவங்கள் மண்ணுள்ளிருந்து வெளிப்பட்டன. கொழும்பு நூதனசாலையிலுள்ள வெண்கலங்களை ஆனந்தர் ஆராய்ந்து எழுதிய நூல் 1914இல் அந்நூதனசாலையின் வெளியீடாய் வந்தது. மாணாக்கரைக் கொழும்புக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அவ்வுருவங்களின் முன் நின்று சொல்லக்கூடியவற்றுட் பல, அந்நூலினின்று வந்தவையே.

தாம் திரட்டிய சித்திரங்களையுஞ் சிற்பங்களையுங் காசியில் ஒரு தேசிய நூதனசாலை அமைப்பதாயின் அதற்கே தந்துவிட இவர் முன்வந்தார். கட்டடத்திற்குப் பணந்தர ஒருவரும் வரவில்லை. அக்காலத்தில் ஐரோப்பிய மகாயுத்தமும் மூண்டது. தமது நாடு சுதந்திரம் பெறாதிருக்க, ஆங்கில அரசுக்காகப் போர்புரிதல் தமக்குக் கடமையன்றென மறுத்து, இவர் அமெரிக்கா சென்றார். 1917இல் அத்திரட்டு டென்மன் றொஸ் என்பாரது உதவியாற் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையை அடைந்தது. ஆனந்தர் அதன் இந்தியப் பகுதிக்குப் பாதுகாவலரானார். நமது செல்வம் கடல் கடந்து போயிற்றென்று சிலர் இவரைக் குறைகூறுவர். குறை கூறுமுன், காசியிற் பணந்தராதாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுதல் முறையென்று நாம் எண்ணுகின்றோம்.

பொஸ்ரனில் இவர் முப்பதாண்டு இருந்தார். இல்வாழ்க்கையிற் பல மாறுதல்கள் நேர்ந்தன. நான்கு முறை விவாகஞ் செய்தார். அவற்றை ஈண்டு விரித்தல் வேண்டா. இங்கே நமக்கு வேண்டியது அந்நூதனசாலையில் அவர் செய்த அன்றாட வேலை. சித்திரம் ஒன்று வந்தால் அதன் அளவு, வண்ணம், எழுத்து, முன்னிருந்த இடம், ஒத்த சித்திரம் இருக்குமிடம், பொருளை விளக்கும் நூல் என இவற்றை எழுதிப் பதிவுசெய்தல். 1923 முதலாக அப்பதிவுகள் பெரிய பட்டியற் பகுதிகளாய் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. பட்டியல் எழுதுதல் புகழ் தரும் வேலையன்று. ஆனால் மேலாராய்ச்சி மாணாக்கன் கையில் முதலில் எடுப்பது அப்பட்டியலையே. அங்கே எண்ணுந் திகதியும் பிழைபடின், அதன்மேற் கட்டப்படும் வாதமெல்லாஞ் சரியும்.

1924இல் இவருடைய முயற்சியால் அல்பிறட் ஸ்ரீக்லிற்ஸ் என்பாரது புகைப்படங்கள் 27 அந்நூதனசாலைக்குப் பெறப்பட்டன. புகைப்படத்தையுங் கலைப்பொருளாய் ஏற்கும் நூதனசாலைகள் அக்காலத்தில் மிக அரிய. பழமையே போற்றுபவரென்று இவரைச் சொல்வார் இதனை நினைவில் வைத்தல் நன்று.

1927ஆம் ஆண்டு இவர் வாழ்வில் விளைவு மிக்க ஆண்டு. இந்திய, இந்தோனேசியக் கலைச் சரித்திரம் என்னும் நூல் அவ்வாண்டில் வந்தது. சிந்து வெளி முதல் யாவகம், காம்போசம் வரையில், 400 அளவினவான உருவங்களோடு, அடிக்குறிப்புக்கள் செறிந்த ஒரே தொகுதி அது. கற்கும் மாணாக்கர்க்கென்றே செய்த கைந்நூல் போல்வது. அவ்வாண்டிலேயே புத்தர் திருவுருவத்தின் தோற்றத்தைப் பற்றிய நீண்ட கட்டுரையும் வந்தது. காந்தாரத்திலே கிரேக்கக் கலை பயின்றோரே முதன்முதல் புத்தரை உருவமாக்கினர் என்று பூஷே என்னும் பிரெஞ்சு அறிஞர் சாதித்திருந்தார். ஐரோப்பா அதனை ஏறத்தாழ ஒப்புக்கொண்டிருந்தது. ஆனந்தரோ, மதுரா நகரத்து இயக்கர் சிலைகளை ஒன்றன்பின் ஒன்றாய் நிறுத்தி, நிற்கும் நிலை, உடை, கை, முகம் என ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு, இந்நாட்டுப் பழைய படிமங்களினின்றே புத்தர் வடிவம் பிறந்திருத்தல் கூடுமெனக் காட்டினார். இன்றைய அறிஞர் இரண்டிடத்தும் ஏறக்குறைய ஒரு காலத்தில் உருவங்கள் தோன்றியிருத்தல் வேண்டுமென்று பலவாறு கருதுகின்றனர். வாதம் முற்றும் ஓய்ந்ததன்று. ஆயினும் கிரேக்கர் தந்த பிச்சை என்னும் பேச்சு அக்கட்டுரையோடு தலை சாய்ந்தது. பெருமிதத்தால் அன்று, ஒப்பீட்டால் இவர் வென்றார் என்பதே ஆசிரியர் மாணாக்கர்க்கு எடுத்துரைக்கத்தக்கது.

1930ஆம் ஆண்டின்பின் இவர் எழுத்தின் போக்கு மாறிற்று. 1934இல் வந்த நூலில், இயற்கையைக் கலை எவ்வாறு மாற்றியமைக்கின்றது என்பதைச் சுக்கிரநீதி முதலிய சங்கத நூல்களையும் எக்கார்ட் என்னும் மத்தியகால ஐரோப்பியத் துறவியின் உபதேசங்களையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தார். அதன்பின் பாணியையுங் காலத்தையும் விட்டு, கலைஞன் எதன்பொருட்டுச் செய்தான், செய்த பொருள் எவ்வாறு பயன்பட்டது, அது எதனைக் குறித்தது என்னும் வினாக்களையே மேன்மேலும் எழுப்பினார். சர்வகலாசாலைகள் கலைச் சரித்திரத்தை உணர்ச்சியுஞ் சுவையுமாகக் கற்பிப்பதை வன்மையாய்க் கண்டித்தார். வழிபாட்டுக்கென்று செய்த உருவத்தை வழிபாட்டை அறியாது கற்றல், உணவை உண்ணாது நிறத்தை மட்டும் வருணித்தல் போல்வதென்பது அவர் கருத்தின் சாரம். நூதனசாலையில் ஊதியம் பெற்றுக்கொண்டே, நூதனசாலைப் பொருள்கள் தம் வீட்டை இழந்தவை என்று எழுதிய துணிவு இவருக்கு இருந்தது.

இக்கால எழுத்துக்களைப் படிப்பது எளிதன்று. ஒரு பக்கத்தில் வேதமும் பிளேட்டோவும் பைபிளும் பாளிச் சூத்திரமும் ஒருங்கே வருகின்றன. அடிக்குறிப்பு மேற்பகுதியினும் நீண்டிருக்கின்றது. எல்லா நாட்டு மரபும் அடியில் ஒன்றே என்னுந் துணிபு இவரை முற்றும் ஆட்கொண்டது. நாம் அத்துணிபினைப் பழிக்கவில்லை. ஆனால் இளமையிற் பாறைத் துண்டு ஒவ்வொன்றையும் இடம் நோக்கிப் பிரித்த அவர், முதுமையில் நூல் ஒவ்வொன்றையும் இடம் நோக்காது சேர்த்தனரோ என்னும் ஐயம் நமக்கு நீங்கவில்லை. மேலாராய்ச்சி செய்யும் மாணாக்கன் முற்பகுதியின் ஆனந்தரை முறைக்காகவும், பிற்பகுதியின் ஆனந்தரை வினாக்களுக்காகவும் படித்தல் நன்றென்பது நம் எண்ணம்.

அவர் கொள்கை ஒன்று எவ்வாறு சோதிக்கப்பட்டதென்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். மரபுவழி வந்த கலைஞன் தன் பெயரைப் பொருட்படுத்தான், பெயரிலியாய் நிற்றலே அவன் பெருமை என்பது ஆனந்தர் பலகால் எழுதியது. இமயமலைச் சாரலின் சித்திரங்களை அவர் பிரித்த முறையும் பெரும்பாலும் இடத்தைப் பற்றியதே, ஓவியனைப் பற்றியதன்று. பி. என். கோஸ்வாமி என்னும் இந்திய அறிஞர், அம்மலைநாட்டு மக்கள் யாத்திரை செல்லும் ஹரித்துவாரத்திற் பண்டாக்கள் வழிவழி எழுதிவரும் குடும்பப் பதிவேடுகளைத் தேடிப் படித்தார். யாத்திரிகன் தன் பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றை அவ்வேட்டில் எழுதுவது வழக்கம். குலேர் நாட்டு நைன்சுக் என்னும் பேரோவியன் 1763இல் தன் கையாலேயே எழுதியதும் அங்கே அகப்பட்டது. தந்தை பண்டித சேவு, தமையன் மானக்கு என்று ஒரு குடும்பமே வெளிப்பட்டது. அரசு மாறினும் இடம் மாறினும் பாணி குடும்பத்தோடு சென்றதென்பதை 1968இல் அவர் எழுதி நிறுவினார். ஆனந்தர் குறித்த காலங்கள் சிலவும், மொகலாயருக்கும் இராசபுத்திரர்க்குமிடையே அவர் இட்ட கடுமையான எல்லையும் இவ்வாறே பின்வந்தோராற் திருத்தப்பட்டன.

இத்திருத்தத்தால் அவர்க்குச் சிறுமை இல்லை. கோஸ்வாமி சென்ற வழியைப் பாருங்கள்: அரண்மனையையும் நூதனசாலையையும் விட்டு, தீர்த்தக்கரையிலே பண்டாவின் ஏட்டை வாசித்தார். கண்டிக் கிராமத்திற் கம்மாளனை அவன் வீட்டு வாசலிற் கண்டு கருவியின் பெயர் கேட்ட வழியும் அதுவே. நம் கோயில்களிலும் இத்தகைய ஏடுகள் இல்லாமலில்லை. தேர் செய்த ஆசாரியார் குடும்பத்தில் அளவு நூலும், அர்ச்சகர் வீட்டிற் பத்ததியும், தருமகர்த்தர் பெட்டியிற் கணக்கேடும் கிடக்கின்றன. அவை தமிழிலுங் கிரந்தத்திலும் உள்ளன. அவற்றை வாசிக்கும் மாணாக்கன் ஆனந்தருக்குக் கிடையாத ஒன்றைக் கையிற் கொண்டவனாவான்.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டில் இவருக்கு எழுபது வயது நிரம்பியது. நண்பர்கள் பொஸ்ரனில் ஒரு விருந்து செய்து பாராட்டினர். அடுத்த ஆண்டு உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்று இந்தியா சென்று ஒதுங்கி வாழப்போவதாக இவர் அறிவித்தார். அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. செப்டெம்பர் மாதம் 9ஆந் திகதி நீடம் என்னும் ஊரிலிருந்த தம் வீட்டில் தேகவியோகமாயினார். அவர் மனைவியார் லூயிசா அம்மையார் கடிதங்களையும் கையெழுத்துப் பிரதிகளையுஞ் சேர்த்துப் பேணினார். அவை பின் பிறின்ஸ்ரன் சர்வகலாசாலையை அடைந்தன. 1977இல் ரோஜர் லிப்சி என்பார் கட்டுரைகளை இரு தொகுதியாகவுஞ் சரித்திரத்தை ஒரு தொகுதியாகவும் அங்கிருந்து வெளியிட்டார். அக்கட்டுரைகளுக்கு இடையிடையே ஆசிரியரே பிற்சேர்த்த குறிப்புக்கள் காணப்படுகின்றன. அச்சாகி வெளிவந்த தம் கட்டுரைகளின் ஓரங்களில், புதிதாய்க் கண்ட மேற்கோளையுந் திருத்தத்தையும் இவர் தம் கையால் எழுதிவைத்திருந்தார்.